எழுதியவரும் எழுதப்பட்டவரும்
(நெல்லைச் சீமை வரலாற்றுத் தொடர்)

சாத்தான்குளத்துக்கு அருகே 1799இல் முதலூர் உருவான கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கிறிஸ்தவரானதால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் செம்மண் தேரியின் ஓரத்தில் புதிதாக ஓர் ஊர் கட்டினார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் அந்த மக்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றார்கள், ஆங்கிலமும் கற்றார்கள். கற்றதன் விளைவாக, தங்களைப் பற்றி வேறொருவர் எழுதிவைத்திருந்ததைத் தாங்களே படிக்கும் நிலைக்கு வந்தார்கள். அப்படி அவர்கள் படித்த ஒரு நூலும், அதை எதிர்த்து அவர்கள் நடத்திய நெடிய போராட்டமும்தான் இந்தப் பகுதியின் பொருள். இன்று விக்கிப்பீடியாவில் ஒரு சாதியைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ உள்ள பக்கத்தில் யார் எதை எழுதலாம், யார் எதை நீக்கலாம் என்று நடக்கும் சண்டைகளை இணையம் பெற்றெடுத்த புதுநோயாகப் பலர் எண்ணுகிறார்கள். அதே வழக்கைச் சாத்தான்குளம் வட்டாரம் அச்சுக் காலத்திலேயே நடத்திப் பார்த்துவிட்டது. அதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு ஒன்றுதான்: பொது அறிவு நூல் ஒன்றில் சார்பு இருப்பது தவிர்க்க முடியாதது, எழுதப்பட்டவருக்கு அதே பக்கத்தில் மறுக்க இடம் உண்டா, அந்த மறுப்பு அழியாமல் நிற்குமா என்பதே அந்நூலின் நேர்மையை அளக்கும் கோல்.

அந்நூலை எழுதிய மிஷனரி இராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தார். 1841இன் இறுதியில் சாத்தான்குளத்துக்குத் தென்மேற்கே உள்ள இடையன்குடியில் குடியேறினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1849இல், ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். மறு ஆண்டே அது லண்டனிலும் அச்சாயிற்று. இன்றைய நாடார் சமூகத்தைக் குறித்த அந்தச் சாதிப்பெயர் இப்போது இழிசொல்லாகக் கருதப்படுவது. நூலின் தலைப்பில் இருப்பதால் மட்டுமே இங்கே வருகிறது. பனையேறிகளின் உழைப்பு, பேய்க்கோயில் வழிபாடு, கொடைவிழா ஆகியவற்றைக் கால்டுவெல் கூர்ந்து கவனித்து எழுதியிருந்தார். கூடவே, இம்மக்கள் இலங்கையின் வடபகுதியிலிருந்து வந்தேறியவர்கள் என்றார். அவர்களுடைய அறிவுத்திறனையும் ஒழுக்கத்தையும் மொத்தமாகத் தாழ்த்தி எடைபோட்டார். அந்நூல் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் மிஷன் பணியைத் தாங்கிய சபையார்தான் அதன் வாசகர்கள். மீட்கப்பட வேண்டிய மக்கள் எவ்வளவு தாழ்ந்த நிலையில் இருக்கிறார்கள் என்று காட்டினால்தான் மீட்பவரின் பணி அவர்களுக்கு உயர்வாகத் தெரியும். எழுதப்பட்ட மக்கள் ஒருநாள் இதைப் படிப்பார்கள் என்பது எழுதியவரின் கணக்கில் இருந்திருக்க முடியாது. கால்டுவெல்லைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. ஏழே ஆண்டுகளில், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்த அதே மனிதர் அவர். தமிழர் அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஆனால் மொழியை ஆராயும்போது அவரிடம் இருந்த பொறுமை, தன் வீட்டுக்கு வெளியே நடமாடிய மக்களை எடைபோடும்போது இல்லை.

ஒருவரின் கருத்தாக மட்டும் நின்றிருந்தால் அந்நூல் பத்து ஆண்டுகளில் மறைந்திருக்கும். அது தகவலாக மாறியதுதான் கேடு. கால்டுவெல்லே 1881இல் அரசு அச்சகத்தின் வழியாகத் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். அதற்குள் அவர் பேராயர். நெல்லை பற்றி ஐயம் வந்தால் ஆங்கில அதிகாரி தேடிப்போகும் முதல் பெயர் அவருடையது. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை இச்சமூகத்தைக் கள்ளிறக்கும் சாதியாக வகுத்தது. எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ அகர வரிசையில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பதிவு தந்தது. பதிவு என்ற வடிவத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஒரு நூலைப் படிப்பவர் யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்று கேட்பார். பதிவைப் புரட்டுபவர் கேட்பதில்லை. முப்பத்தைந்து வயது மிஷனரி ஒருவர், தமிழகத்தின் ஒரு மூலையில், நன்கொடையாளர்களுக்காக எழுதிய மதிப்பீடு என்ற பின்னணி முழுவதும் உதிர்ந்துபோய், முடிவு மட்டும் அடுத்த நூலுக்கு நகர்கிறது. பின்னால் வருபவர் முன்னவரை மேற்கோள் காட்டுகிறார். இரண்டு நூல்கள் ஒன்றையே சொல்வதால் அது உறுதியாயிற்று என்று மூன்றாமவர் நினைக்கிறார். தர்ஸ்டனின் பதிவில் இச்சமூகத்தின் சத்திரிய உரிமைக் கோரிக்கையும் இடம்பெறத்தான் செய்தது. ஆனால் அது ‘அவர்கள் இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்’ என்ற தொனியில் வந்தது. எதிர்க்கருத்தோ நூலாசிரியரின் சொந்தக் குரலில் வந்தது. சார்பு பெரும்பாலும் பொய்ச் செய்தியில் இருப்பதில்லை. யாருடைய சொல்லைத் தன் குரலில் சொல்வது, யாருடையதைப் பிறர் வாயில் வைப்பது என்ற தேர்வில் இருக்கிறது. இணையக் கலைக்களஞ்சியங்களின் பூசல்களில் பாதி இந்தத் தேர்வைப் பற்றியவைதான்.

எழுதப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. சாயர்புரத்தில் படித்து, மிஷன் பணியில் சேர்ந்து, 1850 வாக்கில் அதிலிருந்து நீக்கப்பட்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, கால்டுவெல் நூலின் செய்தியை ஊருக்குள் பரப்பி எதிர்ப்பைத் திரட்டியவர்களில் முதன்மையானவர். நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857இல் அவர் தொடங்கிய இந்துக் கிறிஸ்தவ சபை, ஐரோப்பிய மிஷனரிகளின் ஆளுகையை ஏற்காமல் தனித்து நின்றது. ஞாயிற்றுக்கு மாறாகச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. தன்னை இழிவாக எழுதியவரிடம் ஞானஸ்நானம் பெறுவதில்லை என்ற முடிவு அதற்குள் இருந்ததாகவே நான் படிக்கிறேன். பிறகு மறுப்பு அச்சேறியது. எச். மார்ட்டின் வின்ஃப்ரெட் 1871இல் சான்றோர் (இச்சமூகம் தனக்குக் கோரிய பெயர்) மரபைப் பற்றி நூல் எழுதினார். 1880களில் சாமுவேல் சற்குணர் கால்டுவெல்லின் பெயரைச் சொல்லியே அவருக்கு மறுப்பு எழுதினார். நூலைத் திரும்பப் பெறச் சொல்லி விண்ணப்பங்கள் கடல் கடந்து இங்கிலாந்து வரை போயின. இத்தனையும் நடந்த பிறகும், கால்டுவெல்லைப் படித்த லண்டன் வாசகருக்கு வின்ஃப்ரெட்டோ சற்குணரோ இருப்பதே தெரியாது. நூல் ஓர் அலமாரியில். மறுப்பு, யாரும் அடுக்கிவைக்காத துண்டு வெளியீடுகளில். கடைசியில் 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றி, அமைப்பாக நின்று, அரசிடம் முறையிட்டு, 1921இல்தான் அரசு ஆவணங்களில் நாடார் என்ற பெயர் ஏறியது. 1849லிருந்து எண்ணினால் எழுபத்திரண்டு ஆண்டுகள். வணிகத்தில் பொருள் சேர்த்து, சங்கம் கட்டி, சட்டமன்றம் வரை ஆள் அனுப்பிய சமூகத்துக்கே ஒரு பதிவைத் திருத்த இவ்வளவு காலம் ஆயிற்று. அந்த வலிமை வாய்க்காத சமூகங்களின் பதிவுகள் தர்ஸ்டனில் எழுதப்பட்டபடியே கிடக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். மறுத்தவர்கள் மட்டும் நடுநிலையாளர்களா? இல்லை. பாண்டியரின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று நிறுவ அவர்கள் திரட்டிய சான்றுகளில் வலுவற்றவை நிறைய. தாழ்த்தப்பட்ட பிற சமூகங்களோடு தங்களைச் சேர்த்துப் பேசுவதே இழிவு என்ற எண்ணமும் அந்த எழுத்துகளில் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. எழுதியவர்கள் படித்தவர்கள், நிலமும் பதவியும் உடையவர்கள். சாத்தான்குளத்துத் தேரியில் தளைநார் போட்டு, நாளுக்கு இருமுறை பனையேறி, பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய குடும்பம் கால்டுவெல்லின் நூலிலும் பேசவில்லை, மறுப்பு நூலிலும் பேசவில்லை. முதலாவதில் அது ஆராயப்படும் பொருள். இரண்டாவதில் மறைக்கப்பட வேண்டிய தொழில். ஆகவே இரு தரப்பையும் அருகருகே வைத்துவிட்டால் உண்மை வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. ஆனாலும் மறுப்பு வந்ததால்தான் கால்டுவெல் எதன் அடிப்படையில் எழுதினார் என்ற கேள்வியே பிறந்தது. வந்தேறிய கதைக்கு என்ன ஆதாரம், எந்த ஊரின் எந்தக் குடும்பத்தைப் பார்த்து அந்த முடிவு என்று கேட்க வைத்தது அந்தக் குறைபட்ட, மிகைபட்ட மறுப்புகள்தான். இரண்டு பக்கத்தின் மிகையும் கையில் இருந்ததால்தான் அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலில் இரண்டையும் சீர்தூக்க முடிந்தது. மறுத்தவர்கள் கேட்டபடி கால்டுவெல் நூல் திரும்பப் பெறப்பட்டு, அதன் ஒவ்வொரு படியும் அழிந்திருந்தால், எதை எதிர்த்து அவர்கள் எழுந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்திராது. அவர்களுடைய கோபமும் காரணமற்றதாகத் தோன்றியிருக்கும்.

2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியது. 2003இல் தமிழிலும் வந்தது. நடுநிலை நோக்கு என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கையைவிட அதன் அமைப்பில் உள்ள இரண்டு ஏற்பாடுகள்தான் என் கண்ணில் பெரியவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அதன் திருத்த வரலாறு நிற்கிறது. எந்தச் சொல்லை எந்தக் கணக்கு, எந்த நாளில் சேர்த்தது, எது அதை நீக்கியது என்று எவரும் பார்க்கலாம். பக்கத்தோடு ஒட்டியே உரையாடல் பக்கம் ஒன்று இருக்கிறது; அங்கே சண்டை வெளிப்படையாக நடந்து, நடந்தபடி எஞ்சுகிறது. சற்குணருக்கு இது கிடைத்திருந்தால், தன் மறுப்பைக் கால்டுவெல்லின் வரிக்குக் கீழேயே வைத்திருப்பார். ஆங்கில விக்கிப்பீடியாவில் நாடார் பற்றிய பக்கம் ஹார்ட்கிரேவின் நூலைப் பெரிதும் சார்ந்து நிற்கிறது. சாதிப் பக்கங்களில் பூசல் ஓயாததால், தெற்காசியச் சாதிகள் குறித்த பக்கங்களுக்குத் தனிக் கண்காணிப்பு விதிகளையே அங்கே ஏற்படுத்தினார்கள். தர்ஸ்டன் போன்ற காலனிக் கால நூல்களைச் சாதிப் பக்கங்களுக்கு நம்பத்தக்க சான்றாக ஏற்பதில்லை என்பதும் அங்கே வழக்கமாகிவிட்டது. தர்ஸ்டனின் காலத்தில் சாமானியர்களுக்குக் கிடைக்காத வெற்றி இது. இதைப் பெற்றுத் தந்தது நடுநிலையின் ஞானம் என்று சொல்ல மாட்டேன்; மறுப்புக்கும் அதே பக்கத்தில் இடமிருந்ததுதான் பெற்றுத் தந்தது.

அந்த இடத்தின் சாவி யார் கையில் என்பதுதான் அடுத்த மறுப்பு. பக்கத்தைப் பூட்டவும் திருத்துபவரைத் தடுக்கவும் அதிகாரம் கொண்டவர்கள் நிர்வாகிகள். அவர்களே ஒரு சார்பினர் என்றால் என்ன ஆகும் என்பதற்குக் குரோவேஷிய மொழி விக்கிப்பீடியா சாட்சி. அங்கே ஒரு சிறு குழு ஏறத்தாழ பத்தாண்டுகள் நிர்வாகத்தைக் கைப்பற்றிவைத்து, இரண்டாம் உலகப் போர்க்காலப் பாசிச உஸ்தாஷா ஆட்சியின் கொடுமைகளை மழுப்பியது. எதிர்த்துத் திருத்தியவர்களைத் தடைசெய்தது. 2013லேயே செய்தித்தாள்களில் இது வெளிவந்தும், அக்குழுவின் பிடி 2020இல்தான் தளர்ந்தது. நடந்ததை ஆராய்ந்து விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அறிக்கை வெளியிட்டது. திருத்துவோர் சில நூறு பேராகச் சுருங்கும் எந்த மொழிக்கும் இந்த ஆபத்து உண்டு, தமிழும் விலக்கல்ல. ஆனால் அந்த அறிக்கை எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். யார் எந்த வரியை நீக்கினார், யாரை எந்த நாளில் எதற்காகத் தடைசெய்தார் என்ற பதிவு அந்தக் களஞ்சியத்திலேயே கிடந்தது. கைப்பற்றியவர்களால் பக்கத்தை மாற்ற முடிந்தது, மாற்றியதன் தடத்தை மறைக்க முடியவில்லை. பத்தாண்டு என்பது பெருந்தாமதம். அதைக் குறைக்கும் வழிகளைத் தேட வேண்டும். எழுபத்திரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றமே.

இன்னும் கடினமான மறுப்பு, சான்று தொடர்பானது. வெளியிடப்பட்டதையே சான்றாக ஏற்போம் என்ற விக்கிப்பீடியா விதி, அச்சகமும் அலுவலகமும் கையில் உள்ளவர்களுக்குச் சாதகமானது. சாத்தான்குளத்திலேயே இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு விதியை மீறிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அவர்கள் தரையில் புரண்டதால் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்றது அரசின் முதல் விளக்கம். அந்த வாரத்தில் ஒருவர் கலைக்களஞ்சியப் பதிவு எழுத உட்கார்ந்திருந்தால், முத்திரை பெற்ற ஆவணம் என்று அவர் கையில் இருந்தவை இவைதான். பக்கத்துக் கடைகளின் கேமராப் பதிவு முதல் தகவல் அறிக்கைக்கு மாறாக இருந்தது. காவல் நிலையத்துக் கேமராவிலோ, சேமிக்க இடமிருந்தும் பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். அந்த நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். செப்டம்பரில் சிபிஐ, அந்தக் காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அரசு சொன்னது என்பதாலேயே ஒன்று தகவலாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. ஆனால் இதிலிருந்து சான்று விதியே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது ஆபத்து. வதந்திக்கும் அதே வாசல் திறந்துவிடும். ‘அரசு இவ்வாறு அறிவித்தது’ என்று நாளோடும் பெயரோடும் எழுதி, மாறான சான்று வந்ததும் அதையும் நாளோடு சேர்த்து, முந்தையதை அழிக்காமல் வைப்பதே முறை. அப்போதுதான் பொய் சொன்னவர் யார் என்பதும் வரலாற்றில் தங்கும்.

அழித்துவிடுங்கள் என்று நீதிமன்றமே சொல்லும்போது என்ன செய்வது? ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா பக்கம் அவதூறு என்று 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஆளும் அரசின் பரப்புரைக் கருவியாக அது செயல்பட்டதாக விமர்சனம் உண்டு என்று அந்தப் பக்கம் சொல்லியிருந்தது. திருத்தியவர்களின் அடையாளத்தைத் தரச்சொல்லி உத்தரவு வந்தது. வழக்கைப் பற்றி எழுதப்பட்ட தனிப் பக்கத்தையும் நீக்கும்படி அக்டோபரில் ஆணை பிறந்து, பக்கம் நீக்கப்பட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. அவதூறால் புண்பட்டவருக்குத் தீர்வு வேண்டாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. தனிமனிதர் ஒருவரின் மானத்தைச் சிதைக்கும் ஆதாரமற்ற வரி நீங்கத்தான் வேண்டும்; அதற்கான விதி விக்கிப்பீடியாவிலேயே கடுமையாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பொதுச்செயல்பாட்டைப் பற்றி அச்சில் வெளிவந்த விமர்சனத்தைத் தொகுத்துச் சொல்வது வேறு. அதை நீக்கச் சொல்வதும், தொகுத்தவரின் பெயரைக் கேட்பதும் மறுப்பாகாது. மறுப்பு என்றால் பதில் எழுதுவது. அழித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு உண்டு. சோவியத் நாட்டில் 1953இல் ஸ்டாலினின் இரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பெரியா வீழ்ந்ததும், பெரிய சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியிருந்தவர்களுக்குப் புதிய தாள்கள் அனுப்பப்பட்டன. பெரியாவின் பதிவை வெட்டியெடுத்துவிட்டு, பெரிங் கடல் முதலியவை பற்றிய தாள்களை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வெட்டப்பட்ட பதிவும் உண்மையானதன்று, புகழ்மாலைதான். ஆனாலும் அதை வெட்டியதால், அத்தகைய மனிதரைப் புகழ்ந்த அரசு எது என்ற கேள்விக்கான ஆதாரமும் சேர்ந்து போயிற்று.

இந்த வாதம் கால்டுவெல்லுக்கும் பொருந்தும். 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என். ரவி அவரைப் பள்ளிப் படிப்பைக் கூட முடிக்காதவர் என்று பேசியபோது, ஒரு பக்கம் அவரைத் தமிழின் காவலராக மட்டும் காட்டியது, மறுபக்கம் பிரிவினை விதைத்தவராக மட்டும் காட்டியது. 1849இன் நூலால் காயப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இந்தச் சச்சரவில் நினைக்கப்படவே இல்லை. ஒப்பிலக்கணத்தைச் சொல்லும் பக்கத்திலேயே அந்நூலும், அதற்குச் சட்டாம்பிள்ளையும் சற்குணரும் தந்த மறுப்பும், அந்த மறுப்பின் குறைகளும் இருக்க வேண்டும். அவரைப் போற்றுபவர்களுக்கும் தூற்றுபவர்களுக்கும் இது ஒருசேரப் பிடிக்காது.

சாத்தான்குளம், நாசரேத், முதலூர், இடையன்குடி வட்டார வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மறுப்பு வெளியீடுகள், சபைப் பதிவேடுகள், சங்க மலர்கள், பனைத்தொழில் குறித்த கணக்கேடுகள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். பழந்தாள் கடைக்குப் போடுமுன் அவற்றை ஸ்கேன் செய்து, எழுதியவர் பெயரும் ஆண்டும் தெளிவாகத் தெரியும்படி ஒரு நூலகத்துக்கோ தமிழ் விக்கிமூலத்துக்கோ கொடுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லாத நூலாக இருந்தால் கட்டாயம் கொடுங்கள்.